செல்லமுத்து திருப்பி வாங்கிய பாட்டு

துடியலூரிலிருந்து செல்லமுத்துவின் மகன் போன் செய்தபோது நான் வயலினுக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தேன். “அப்பா காலையில தவறிட்டாருங்க” என்றான். அன்று முழுதும் வயலினைத் தொட மனம் வரவில்லை.

உங்களில் பலருக்கு அவர் டெலிபோன் ஆபீஸ்காரர். நாற்பது கீர்த்தனைகள் இயற்றியவர் என்பதை, அவற்றைப் பாடியும் வாசித்தும் பார்த்த நாங்கள் நாலு பேர்தான் முழுதாக அறிவோம். டவுன் பஸ்ஸில் மெட்டு யோசித்தபடியே இறங்குமிடத்தைத் தாண்டிப் போய்விடுவார். கேலி செய்தால், “ஸ்டாப் போனா அடுத்த பஸ் வருமுங்க. சங்கதி போனா வருமுங்களா?” என்பார்.

அவர் பாட்டுகளில் ஆனந்தபைரவியில் அமைந்த ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியம். நாலைந்து மேடைகளில் வாசித்து நல்ல பெயரும் வாங்கியிருந்தேன். ஒருநாள் ரேடியோவில் ஏதோ பழைய கீர்த்தனை ஒலிபரப்பானது. அதன் பல்லவியும் இதன் பல்லவியும் தொடங்கும் விதம் ஏறக்குறைய ஒன்று. அதைச் செல்லமுத்துவும் கேட்டிருக்கிறார். மறுநாளே மனிதர் எங்கள் நாலு வீடுகளுக்கும் வந்து, நாங்கள் எழுதி வைத்திருந்த ஸ்வரத் தாள்களைத் திருப்பிக் கேட்டார்.

“ஏனுங்க, அது என்ற பாட்டு இல்லீங்க. எப்பவோ காதுல உளுந்ததை எம்பேர்ல எழுதிப்போட்டனுங்க.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “ஆனந்தபைரவின்னா அந்தப் பிடி வரத்தானுங்க செய்யும்! அதுக்காகப் பெத்த புள்ளையைக் கெணத்துல போடுவீங்களா?” என்று கத்தினேன்.

“ராகம் குடுத்தா எடுத்துக்கலாமுங்க. இன்னொருத்தர் செஞ்சதை எடுக்கக் கூடாதுங்க. வேற காப்பி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லீங்க” என்றேன்.

பொய். பீரோவில் இன்னொன்று இருந்தது. அந்த மனுஷர் நம்பிவிட்டுப் போனார். அதன்பின் அதை நான் எங்கும் வாசிக்கவில்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள் துடியலூர் போய், தாளை அவர் மனைவியிடம் நீட்டி உண்மையைச் சொன்னேன். கிழிப்பதா, வாசிப்பதா, நீங்கள் சொல்வதுதான் என்றேன். அந்த அம்மாளுக்கும் அந்தப் பாட்டு உயிர். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் அழுதுவிட்டார்.

“நீங்க வாசிங்க. அவரு பேரை மட்டும் சொல்லாதீங்க.”

செல்லமுத்துவின் மற்ற பாட்டுகளை அவர் பெயரைச் சொல்லித்தான் வாசிப்பேன். அந்த ஒரு தாளும், அவரிடம் சொன்ன அந்த ஒரு பொய்யும் என்னிடம் இருக்கின்றன. என் கச்சேரியில் யாருடையது என்று அறிவிக்காமல் ஓர் ஆனந்தபைரவி வந்தால், தயவுசெய்து கேட்காதீர்கள்.