ஜெலுத்தோங்கில் இன்று விழுந்த அடி

இன்று ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றில் அடி வாங்கினேன்.

டெங்கிக் கிருமி தாய்லாந்திலிருந்து வந்ததா, உள்ளூர்தானா என்று மரபணுவில் பார்ப்பதற்காக, வீடு வீடாக ரத்தம் எடுப்பது என் வேலை. கதவைத் திறந்தவரின் மனைவி போன வாரம்தான் டெங்கியில் இறந்திருந்தார். எனக்கு அது தெரியாது.

“அவ துடிச்சப்போ எங்கடா போனீங்க?”

நாற்காலியைத் தூக்கி அடித்தார். நெற்றி கிழிந்தது. காலையிலிருந்து எடுத்த ரத்தமெல்லாம் தரையில் சிதறியது. பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தார்.

“விடுங்கண்ணே, செத்துருவான்லா!” என்று பக்கத்து வீட்டு அக்கா அலறினார்.

என் கழுத்தை நெரித்த கை நெருப்பாய்ச் சுட்டது.

“அண்ணே, உங்களுக்கும் காய்ச்சல்,” என்றேன்.

கை தளர்ந்தது. உட்கார்ந்து அழுதார்.

ஒரே டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குத் தையல், அவருக்குப் படுக்கை. ரத்தம் எடுக்க என்னிடமே கையை நீட்டினார்.

நாளைக்கும் அதே அடுக்குமாடிதான். அலுவலகத்தில் ஹெல்மெட் இரவல் தருபவர்கள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள்.