ராஜினியின் கோழிக்கூடும் என் கையெழுத்தும்

ராஜினியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய தகப்பன் மூக்கன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்தவர். எங்கள் வீட்டார் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடு வாய்க்கால் ஓரம் வயற்காணி பெற்றவர்கள். எங்கள் வயலில் கூலிக்குக் களை பிடுங்கியவள், மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று என்னைக் கேள்வி கேட்பாள். தலைவி நான். வயிறு எரியாதா?

ஒரு திட்டத்தில் எங்கள் சங்கத்துக்குப் பத்துக் கோழிக்கூடுகள் வந்தன. தகரக் கூரை, நான்கு பக்கமும் கம்பி வலை, கூட்டுக்கு இருபத்தைந்து கோழி. வரைபடத்தைக் கொழும்பில் யாரோ கீறியிருந்தார்கள். கூட்டை அந்தப் படத்தின்படியே வைத்திருப்பவர்களுக்கு அடுத்த முறை ஐம்பது குஞ்சு கிடைக்கும் என்றார் திட்ட அலுவலர் சுகிர்தன். எனக்கு வயல் இருக்கிறது. ராஜினிக்குக் கூலிவேலையை விட்டால் அந்த ஐம்பது குஞ்சுதான் வழி. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆவணி வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்து, செட்டையை விரித்துக்கொண்டு நின்றன. நாங்கள் தண்ணீரை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். இவளோ உச்சி வெயிலில் கூட்டுக்குள் தவழ்ந்து போய் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தாள். ஊரே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று பின்னேரமே தகரத்தைக் கழற்றினாள். கூரைச் சரிவைக் கூட்டித் தென்னோலைக் கிடுகை இரட்டையாக வேய்ந்தாள். சூடு போக முகட்டில் இடைவெளி விட்டாள். வடக்கிலும் கிழக்கிலும் இடுப்பளவுக்கு மண்சுவர் எழுப்பி, அதற்கு மேலே சாக்குகளைச் சுருட்டிக் கட்டினாள். மழைச் சாரலில் மண்சுவர் கரையாதபடி, கழற்றிய தகரத்தை அதன் வெளிப்பக்கம் சாய்த்து வைத்தாள்.

"வெயிலுக்கு என்னத்துக்குச் சுவர்?" என்று கேட்டேன்.

"அது மாரிக்கு அக்கா. வாடைக்காத்து அந்தப் பக்கத்தாலதானே வரும். நனைஞ்ச கோழிக்குக் காத்தும் பட்டா விறைச்சுப் போகும்."

"படம் கீறின ஆக்களுக்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்?"

"அவையள் இஞ்ச மாரியில இருந்தவையோ?"

அன்றே சுகிர்தனுக்குக் கடிதம் எழுதினேன். ராஜினி திட்டச் சொத்தைச் சேதப்படுத்திவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்து, சங்க முத்திரையும் குத்தினேன். குஞ்சுப் பட்டியலில் அவள் பெயர் வெட்டப்பட்டது. அதைக் கேள்விப்பட்டு என் வாசலுக்கு வந்தாள்.

"என்னைக் கூப்பிட்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் அக்கா."

"தோட்டத்தில இருந்து வந்ததுகளுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

மார்கழியில் மூன்று நாள் மழையும் வாடையும் விடாமல் அடித்தன. வயல்வெளியில் மாடுகளே விறைத்து விழுந்து கிடந்தன. என் கூட்டில் இரண்டு கோழி மிஞ்சியது. மற்ற எட்டுக் கூடுகளிலும் இதே கதைதான். ராஜினி சாக்குகளை அவிழ்த்து இறக்கிவிட்டிருந்தாள். உள்ளே இருபத்தைந்தும் உயிரோடு நின்றன. நம்பாமல் வேலியால் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

தை பிறந்ததும் சுகிர்தன் கமராவோடு வந்தார். அறிக்கைக்கு உயிருள்ள கோழி வேண்டும். எங்கே போவார், ராஜினியின் கூட்டுக்குத்தான் வந்தார்.

"அம்மா, நீங்கள்தானே தலைவி. கூட்டுக்கு முன்னால நில்லுங்கோ" என்றார் என்னிடம். சங்கத்தின் வழிகாட்டலில் அமைத்த மாதிரிக் கூடு என்று எழுதப் போகிறாராம்.

ராஜினி தீன் வாளியோடு பக்கத்தில் நின்றாள். கட்டினது அவள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அக்கா," என்றாள் ராஜினி. "கோழிக்குக் காத்து வரட்டும்."

தள்ளி நின்றேன். படம் எடுத்து முடிந்தது. போகும்போது சுகிர்தன் ஒரு கடதாசி தந்தார். அதில் நான் கையெழுத்து வைத்தால் ராஜினியின் பெயரைத் திரும்பவும் சேர்க்கலாம் என்றார்.

போன கிழமை குஞ்சுகள் வந்தன. படத்தின்படி கூட்டை வைத்து, கோழிகளைச் சாகவிட்ட எங்கள் ஒன்பது பேருக்கும் ஐம்பது ஐம்பது. அந்தக் கடதாசி என் அலுமாரிக்குள் கிடக்கிறது. நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.