கிளம்ப மறுத்த பிரஷ்ய எக்ஸ்பிரஸ்

2024 ஜூலை 6, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன். முந்தின நாள் துவைத்த துணிகளை மின்விசிறிக்கு அடியில் திருப்பிப் போட்டேன்; சாரல் நாட்களில் தென்காசியில் துணி வீட்டுக்குள்தான் காயும். இட்லி, தேங்காய்ச் சட்னி. மருந்துக்கடைக்குக் கிளம்பிய கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“நாளைக்கு அக்கா வாறா. அதுக்குள்ள உன் ரயிலு தன்னால ஒரு சுத்து சுத்திட்டுன்னா மாடி ரூமு உனக்கு. இல்லன்னா எல்லாத்தையும் கழட்டிப் பரண்ல போட்ருவேன். பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன். கடையில இருந்து ஒரு பாட்டில் ஸ்பிரிட் குடுத்து விடுங்க.”

“அடுப்பு எரிக்கதுக்கும் நாந்தான் குடுக்கணுமா!”

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக எங்கள் ஊர் வீடுகளுக்கு வந்துவிடுவார்கள். ஜமக்காளம் விரிக்க மாடி அறை வேண்டும். அந்த அறையில் சுவரை ஒட்டிச் சுற்றிலும் என் தண்டவாளம் கிடந்தது.

நான் பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பழைய வரைபடத்தின் நகலைப் பார்த்ததில்தான் இந்தப் பித்துப் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரஷ்யாவில் ஓடிய எக்ஸ்பிரஸ் எஞ்சின் அது. ஓர் ஆளை மறைக்கும் உயரத்தில் நான்கு சக்கரங்கள்; சக்கரம் அவ்வளவு பெரிதாக இருந்தால் பிஸ்டன் நிதானமாக அசைந்தாலே வண்டி பறக்கும். வளைவில் வழிகாட்ட முன்னால் நான்கு சின்னச் சக்கரங்கள். ஆனால் என்னை விழுத்தாட்டியது வேறு. இரண்டு பக்கத்துச் சிலிண்டர்களும் ஒரே அளவில் இல்லை! நீராவி முதலில் சின்னதில் வேலை செய்யும். பிறகு, இரண்டாம் டிகாஷன் மாதிரி வலு குறைந்து, எதிர்ப்பக்கத்துப் பெரியதில் போய் இன்னொரு முறை உழைக்கும். நிலக்கரி மிச்சம். தலையணை உறை கோணலாக இருந்தாலே எழுந்து சரிசெய்கிற நான், அந்தக் கோணல் எஞ்சினைத்தான் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் இரண்டு வருடமாகச் செய்தேன்.

செய்து முடித்த பிறகு அது ஓடவில்லை. ஒரு மாதமாக நீராவி ஏறும், சக்கரம் நடுங்கும், அவ்வளவுதான். அசல் எஞ்சினில், கிளம்பும்போது மட்டும் பெரிய சிலிண்டருக்கும் நேரடியாக நீராவி விட ஒரு வால்வு உண்டு. கடுகளவில் அதை லேத்தில் கடைய முடியாமல் விட்டுவிட்டேன். இந்த எடைக்கு அது எதற்கு என்று நினைப்பு.

மதியம் எண்ணெய் விட்டேன், துடைத்தேன். வழக்கம்போலச் சக்கரத்தைத் திருப்பி, சின்னச் சிலிண்டர் பக்கத்தில் பிஸ்டனையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டுகள் வரைபடத்தில் இருப்பது போல ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி வைத்தேன். கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிட்டைப் பற்றவைத்தேன். நீராவி சீறியது. வண்டி அசையவில்லை.

அப்போது கீழே வேன் வந்து நின்றது. கணவரின் அக்கா! ஈரக் குடையோடு நேரே மாடிக்கே வந்துவிட்டார்.

“மதினி, நாளைக்குல்லா வாறதாச் சொன்னீங்க?”

“மெயின் அருவில தண்ணி கொட்டுதுன்னாவ. பெறவு வீட்ல இருப்பு கொள்ளுமா? ஏட்டி, இது என்ன, குக்கரா?”

“எஞ்சின் மதினி. கிளம்ப மாட்டேங்கு.”

“பஸ்ஸு நின்னுட்டா எறங்கித் தள்ளதில்லையா? தள்ளு.”

“தள்ளினா அது பொம்மை. தொடாதீங்க!”

அதற்குள் குடைப் பிடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். வண்டி கிளம்பியே விட்டது! சக் சக் என்று மூலை திரும்பி, கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். நான் மதினியின் பின்னால் ஓடினேன்.

கணவருக்குப் போன் செய்தேன். “அக்கா தள்ளினதுல்லா? செல்லாது,” என்றார்.

வண்டியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு தட்டில் என்ன மாறியது? சக்கரம் கொஞ்சம் திரும்பியது, அவ்வளவுதானே! தண்டுகள் நேராக நின்றால் சின்னச் சிலிண்டரின் பிஸ்டன் எவ்வளவு முட்டினாலும் சக்கரத்தைத் திருப்ப முடியாது. அது அசையாமல் பெரியதற்கு நீராவி போகாது. அந்த ஓர் இடத்துக்காகத்தானே வால்வே வைத்தார்கள்! அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் அழகு பார்த்து நானே நிறுத்தியிருக்கிறேன். சிரிப்பு அடங்கவில்லை.

“உடனே வாங்க,” என்று மறுபடியும் போன் செய்தேன். கணவர் கடையைக்கூடப் பூட்டாமல் வந்தார். தண்டுகளைக் கோணலாக வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மதினியின் குடையைக் கணவர் பிடுங்கி வைத்துக்கொண்டார். நீராவியைத் திறக்க மட்டும் ஒரு விரலை நீட்டினேன்.

தன்னால கிளம்பியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

“ஏல, தோத்துட்டியே!” என்று மதினி தம்பியின் முதுகில் அடித்தார். “நான் இங்கனதான் படுப்பேன். ஒருத்தரும் தண்டவாளத்தைத் தொடக் கூடாது.”

வட்டத்துக்கு நடுவிலேயே ஜமக்காளம் விரித்தோம். படுக்கப் போகும் முன் எஞ்சினைத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல், தூங்குகிற மதினியைத் தாண்டிப் போய், பழக்கதோஷத்தில் நான் நேராக்கி வைத்திருந்த தண்டுகளைக் கால் சுற்றுக் கோணலாக்கினேன்.