பூன் ஹாக் செய்துகாட்டும் ஜலாலுதீன்

ஜலாலுதீன் தேநீரை உயர இழுத்து ஆற்றும்போது அவரிடம் எதுவும் கேட்கக்கூடாது. இரண்டு கைகளும் குவளைகளில் இருக்கும். பதில் சொல்லக் கை மிச்சம் இராது. அவசரக்காரர் யாராவது முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால், கன்னங்களை உப்பவைத்து, வாய் நிறையச் சோறு இருப்பவரைப்போல் மென்று காட்டுவார். நுரை எழும்பிய தம்ளரை மேசையில் வைத்து, கைகளைத் துண்டில் துடைத்த பிறகுதான் உரையாடல்.

தேக்கா சந்தை உணவங்காடியில் அவருடைய அக்கா மகள் ரஷீதா நடத்தும் கடை அது. காசும் வாய்ப்பேச்சும் ரஷீதாவின் பொறுப்பு. தேநீரும் ரொட்டியும் ஜலாலுதீனின் பொறுப்பு. அவர் பிறவியிலேயே காது கேளாதவர். வயது அறுபத்து மூன்று. ரஷீதா அறுபத்தைந்து என்பாள். அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தே எழுதுகிறேன். வாடிக்கையாளர்கள் அவரிடம் சைகையால் கேட்கப் பழகிவிட்டார்கள். சுண்டுவிரலின் நுனியைக் காட்டினால் சீனி குறைவு. கன்னங்களை உள்ளே உறிஞ்சினால் சீனியே இல்லை.

எல்லோருக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஒருவர் வழுக்கை, ஒருவர் இரட்டைத் தாடை, ஒரு பெண்மணி கோணல் நடை. சைகை மொழியில் பெயர் என்பது கண்ணில் முதலில் படுவதுதான். அதில் அவமதிப்பு ஏதுமில்லை. அவருடைய பெயரே காது மடலைப் பிடித்துக் கீழே இழுப்பது. அந்தக் காதுகள் அவ்வளவு பெரியவை. "அல்லா எடத்த நல்லாத்தான் குடுத்தான். கரண்டு இழுக்க மறந்துட்டான்" என்பார். நான் அவருக்குச் சட்டைப்பையில் இரண்டு பேனா.

என் தங்கை பாப்பாத்தி காது கேளாதவள். அவளோடு வளர்ந்ததால் எனக்குச் சைகை மொழி தெரியும். அவள் இறந்த பிறகு, யாராவது கைகளால் பேசுவதைப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கடைக்கு வரத் தொடங்கினேன். ஜலாலுதீன் கையால் சொன்னவற்றை அவர் வீட்டில் பேசப்படும் தமிழில் இங்கே எழுதுகிறேன். அவருடைய முகமும் தோள்களும் அந்தத் தமிழில்தான் இருக்கின்றன.

ஞாயிறு பிற்பகல் கடைக்கு முன்னால் உள்ள வட்ட மேசை காது கேளாதோருக்கு உரியது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் வருவார்கள். பெரும்பாலோர் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சந்தையில் அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே அந்த மேசையில்தான் அதிகப் பேச்சு நடக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் இனத்தாரைத் தானே நடித்துக் காட்டக்கூடாது. இந்தியனைச் சீனன் செய்வான். சீனனை இந்தியன் செய்வான். செய்யப்படுகிற ஆள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வராத நாளில் அந்தப் பகுதி கிடையாது. எதிரே இருப்பவர் குறுக்கே புகுந்து திருத்தலாம். உடனே பதிலுக்குப் பதிலும் கொடுக்கலாம்.

இதில் இணையில்லாத ஜோடி ஜலாலுதீனும் பூன் ஹாக்கும். பூன் ஹாக் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுபவர். மெலிந்த மனிதர், முன்பல் ஒன்று தங்கம். ஏழு வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது முதல் இருவரும் நண்பர்கள்.

அவர்களுடைய பெயர்பெற்ற கதை மின்தூக்கிக் கதை. காது கேளாத மூவர், ஒரு சீனர், ஓர் இந்தியர், ஒரு மலாய்க்காரர், மின்தூக்கியில் மாட்டிக்கொள்கிறார்கள். அபாய மணியை அழுத்தினால் ஒலிபெருக்கியில் யாரோ பேசுகிறார்கள், மூவருக்கும் கேட்காது. ஜலாலுதீன் சீனராக மாறுவார். மின்தூக்கியின் எண்ணைப் படம் எடுப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், நாலு நம்பர் லாட்டரிக் கடை மூடுவதற்குள் கதவு திறக்காதா என்று நகத்தைக் கடிப்பார். மலாய்க்கார நண்பர் வந்திருந்தால், மூன்றாமவர் காலணியைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு மற்ற இருவரையும் சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு அழைப்பார். பூன் ஹாக் இந்தியராக மாறுவார். நெற்றியில் விரலால் பொட்டு வைத்துக்கொண்டு, ஆமா, இல்லையா என்று விளங்காமல் தலையை ஆட்டிக்கொண்டு, பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். மற்ற இருவரும் அடிபடாமல் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள்.

"நான் முஸ்லிம்டா. எனக்கு ஏதுடா பொட்டு?" என்று ஜலாலுதீன் ஒவ்வொரு முறையும் குறுக்கே புகுவார்.

"லிஃப்டுக்கு மதம் கிடையாது. எடை மட்டும்தான் பாக்கும்" என்பார் பூன் ஹாக், அவருடைய வயிற்றைச் சுட்டி.

கடைசியில் மின்தூக்கியில் விளக்கு அணைந்துவிடும். இருட்டில் சைகை தெரியாது. "அப்பாடா, இந்தியன் வாய மூடிட்டான்" என்று சீனராக இருக்கும் ஜலாலுதீன் பெருமூச்சு விடுவார். மேசையே குலுங்கும். உடனே பூன் ஹாக் எழுந்து, இருட்டில் துழாவி அந்தச் சீனரின் கையைப் பிடித்து, அவர் உள்ளங்கைக்குள்ளேயே பேச்சைத் தொடர்வார்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரித்திக் என்ற இளைஞன் இந்தக் கதையைக் கைப்பேசியில் எடுத்தான். அவனும் காது கேளாதவன். படித்தவன், மரியாதை தெரிந்தவன். சைகையில் பேசுபவரைப் படம் எடுக்கிறவர்கள் அவருடைய கைகளும் முகமும் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பேச்சைக் கேட்பவரின் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அவனும் அப்படியே நின்றான். படத்தில் பூன் ஹாக் முழுமையாக இருந்தார். ஜலாலுதீன் ஓரத்தில் ஒரு தோள்பட்டை. வெட்டி ஒட்டியபோது அதுவும் போய்விட்டது. பெருமையோடு இணையத்தில் போட்டான்.

காது கேட்பவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு சீனர் நெற்றியில் பொட்டு வைத்துத் தலையை ஆட்டி இந்தியர்களைக் கேலி செய்கிறார் என்பதே அவர்கள் கண்டது. அது பல ஆயிரம் பேருக்குப் பரவியது. தொழிற்சாலையில் பூன் ஹாக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மகள் ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர் தேக்காவுக்கு வரவில்லை. ஜலாலுதீன் கைப்பேசியில் அனுப்பிய படங்களுக்குப் பதிலும் இல்லை.

"என்னைத்தான் கிண்டல் பண்ணிட்டானாம். ஊரே கோவப்பட்டுச்சு. ஒருத்தனாச்சும் எங்கிட்ட வந்து கேட்டானா?" என்று ஜலாலுதீன் என்னிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேசை இப்போதும் கூடுகிறது. சீனர்கள் மூன்று பேர் வருகிறார்கள். யாரும் இந்தியரைச் செய்வதில்லை; ஆகவே ஜலாலுதீனும் சீனரைச் செய்வதில்லை. மருத்துவமனைத் தேதி, பேருந்துத் தடம், வானிலை என்று பேச்சு ஓடுகிறது. நடுவே அவர் படிக்கட்டுப் பக்கம் பார்க்கிறார். யாராவது கூப்பிட்டுத்தான் திரும்புவார் என்றில்லை. கேளாதவர் கண்கள் தாமாகவே வாசலுக்குப் போகும் என்று என் தங்கையிடமும் கண்டிருக்கிறேன். ஆனால் அவளுடைய பார்வை போய்விட்டுத் திரும்பும். இவருடையது அங்கேயே நிற்கிறது.

ரித்திக் ஒரு நாள் வந்தான். காது கேளாதோர் சங்கத்தின் ஆண்டுவிழாவில் மின்தூக்கிக் கதையை ஜலாலுதீன் தனியாகச் செய்யவேண்டும் என்று கேட்டான்.

"இந்தியன நீங்களே செய்ங்க, அங்கிள். நம்மள நாமே கிண்டல் பண்ணா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அது எப்படிடா ஜோக் ஆகும்? கண்ணாடியப் பாத்துச் சிரிக்கிறதா?"

ரித்திக்கின் முகம் மாறியது. "போலிடெக்னிக்ல ஒருத்தன் என் கையத் தேச்சுப் பாத்தான், அங்கிள். அழுக்குப் போகுதான்னு. சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் ஜோக்னுதான் சொன்னான்."

"பதிலுக்கு நீ அவனச் செஞ்சு காட்டினியா?"

"இல்ல."

"அப்ப அது ஜோக் இல்ல. அடிக்கிறது."

"வீடியோ பாத்தவங்கள்ல என்ன மாதிரி எத்தனை பேர் இருந்தாங்களோ? அவங்க பதிலுக்கு யாரச் செஞ்சு காட்டுவாங்க?"

ஜலாலுதீன் துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். பிறகு, அவன் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தோ என்னவோ, சரி என்று எழுந்தார்.

கடைக்கு முன்னாலேயே செய்து பார்த்தார். நெற்றியில் பொட்டு, தலையாட்டல், ஓயாத பேச்சு, எல்லாம் வந்தன. சிரிப்பு வரவில்லை. ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்த ரஷீதா நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இது யாரு மாமா? டிவி நாடகத்துல வர்ற ஆளா?" என்று வாயாலும் கையாலும் சேர்த்துக் கேட்டாள்.

"நான்தான்!"

"நீங்க இப்படியா பேசுவீங்க? இல்லலா."

"பின்ன எப்படிப் பேசுவேன்?"

ரஷீதா மாவுக் கைகளைத் தூக்கினாள். செய்து காட்ட முயன்றாள், வரவில்லை. "எனக்குச் செய்யத் தெரியல மாமா. அந்தச் சீன அங்கிள் செஞ்சா அப்படியே நீங்கதான்."

ஜலாலுதீன் தேநீர்ப் பாய்லரின் பளபளப்பான வயிற்றுக்கு முன்னால் போய் நின்றார். கைகளை ஆட்டிப் பார்த்தார். அதில் தெரிந்தது அகலமான யாரோ ஒருவர். என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேனா, உங்க சத்தம் உங்களுக்குக் கேக்கும்ல? நான் பேசுறத நான் பாத்ததே இல்ல. என் கை எனக்கு இந்தப் பக்கம்தான் தெரியும்." புறங்கைகளைத் தன் கண்முன் பிடித்துக் காட்டினார். "போன் முன்னாடி நின்னா பாஸ்போர்ட் போட்டோக்கு நிக்கிற மாதிரி ஆயிடுறேன். நான் எப்படி இருப்பேன்னு அவனுக்குத்தான் தெரியும். அம்பது வருஷமா அவன்கிட்டதான் வெச்சிருந்தேன்."

அடுத்த புதன்கிழமை, பூன் ஹாக் குடியிருக்கும் தோ பாயோவுக்கு நானும் ஜலாலுதீனும் போனோம். பூன் ஹாக்கின் மகள் கதவைத் திறந்தால் வாயால் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். பெரிய பை நிறைய ரொட்டிகள் சுட்டு எடுத்து வந்திருந்தார்.

மணியை அழுத்தினார். காது கேளாதவர் வீட்டில் மணி ஒலிக்காது. கூடத்து விளக்கு மின்னும். சன்னல் கண்ணாடியில் அந்த மின்னலைப் பார்த்தோம். மறுபடி அழுத்தினார். மறுபடி மின்னியது. உள்ளே ஒரு நிழல் நகர்ந்தது, கதவு திறக்கவில்லை. அவர் விரலை மணியிலிருந்து எடுக்காமல் நின்றார்.

மரக்கதவு திறந்தது. இரும்புக் கிராதி பூட்டியே இருந்தது. பூன் ஹாக் இன்னும் மெலிந்திருந்தார். கைகளை வயிற்றோடு ஒட்டிவைத்து, விரல்களை மட்டும் அசைத்துப் பேசினார். அது அவர்கள் கிசுகிசுக்கும் முறை.

"ஏன் வந்த? பக்கத்து வீட்டுல இந்தியக் குடும்பம். என்னப் பாத்தா திரும்பிக்கிறாங்க."

"நானும் இந்தியன்தான். நான் திரும்பிக்கிட்டேனா?"

"உனக்குத்தான் மன்னிப்பு அனுப்பினேனே."

"'அன்புள்ள இந்தியச் சகோதரர்களே'. அதுல நான் எத்தனையாவது சகோதரன்?"

பூன் ஹாக் சிரிக்கவில்லை. "கோவமா?"

"ஆமா."

"நான் செஞ்சதுக்கா?"

"நீ வராததுக்கு."

பூன் ஹாக் நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தார். "மககிட்ட சத்தியம் பண்ணிட்டேன். இனிமே யாரையும் செய்யமாட்டேன். போ."

"நீ செய்யவேணாம். பாத்துட்டு இரு. போதும்."

ஜலாலுதீன் பையைத் தரையில் வைத்தார். நடைபாதை நடுவே நின்று மின்தூக்கிக் கதையைத் தொடங்கினார். அபாய மணியை அழுத்தினார், இல்லாத ஒலிபெருக்கியைப் பார்த்தார், பொட்டு வைத்துக்கொண்டார், பேசத் தொடங்கினார். கடையில் செய்ததைவிட மோசமாக இருந்தது. கைகள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் போயின. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்து, உலர்த்திய துணியை எடுக்காமல் நின்று பார்த்தார். ஜலாலுதீன் நிறுத்தவில்லை. வியர்த்துக்கொண்டே, வராத சிரிப்புக்காக இடைவெளி விட்டுவிட்டு, அந்த வாயாடி இந்தியனைச் செய்துகொண்டே போனார்.

பூன் ஹாக் கிராதியைப் பிடித்தபடி நின்றார். முதலில் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் நெளிந்தது. உதட்டைக் கடித்தார். ஒருமுறை, இல்லை என்று தலையசைத்தார், ஜலாலுதீன் கவனிக்கவில்லை. இன்னொரு முறை அசைத்தார். பிறகு பொறுக்கமாட்டாமல், கிராதிக் கம்பிகளுக்கு இடையே தோள்வரை கையை நுழைத்து, ஜலாலுதீனின் முழங்கையைப் பிடித்து, அவர் பேசும்போது அது நிற்கும் உயரத்துக்கு, ஒரு சாண் மேலே தூக்கிவைத்தார்.