பாசித் தீவனமும் தாய்மாமனும்

மண்டபத்தூரில் கடல் அலங்கார மீன் வளர்க்கும் பண்ணையில் தீவனம் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இறால் தலையைத் தின்று வயிறு ஊதிச் செத்த நீல மீன்களை அறுத்துப் பார்த்த பிறகு, பாசித் தீவனத்துக்கு மாற்றினேன். காரைக்கால்மேட்டிலிருந்து தினமும் இறால் தலை கொண்டுவந்தவர் என் தாய்மாமன். அவர் பிழைப்பில் பாதி அதுதான்.

மறுநாள் கூடையோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, இனிப் பாசிதான், இறால் தலை வேண்டாம் என்றேன்.

“கடல் மீனுக்குப் புல்லு போடவா ஒன்னைப் படிக்க வச்சோம்?”

“நீங்க ஒண்ணும் படிக்க வைக்கலை மாமா. இந்த மீன் கடல்லயும் பாசியைத்தான் மேயுது.”

“அப்ப ஒன் கல்யாணத்துக்கு மாலை எடுத்தாற வேற தாய்மாமனைப் பாத்துக்க.”

அம்மா அழுவாள் என்று தெரிந்தும், மாலையை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். இன்றுவரை பேச்சில்லை. எனக்கும் அவசரமில்லை.