ராகிக்கு வேப்பிலை அடித்தது

நிவேதா, கவின், இதை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். நேரில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், வரவில்லை. பத்தாவது படித்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் நிவேதா திருத்திக்கொள்.

ராகி வந்த அன்று நாம் முதலில் பார்த்தது நடுக்கம்தான். தொப்பூர் கணவாயில் லாரிகள் நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கிடந்ததாம். எடுத்துவந்தவர் சுகந்தி அக்கா. தர்மபுரியில் அடிபட்ட நாய்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர். கூண்டில் விட்டால் சாப்பிடுவதில்லை என்றார். மூன்று மாதம் ஒரு வீட்டில் இருந்து மனிதர் கைக்குப் பழகினால் யாராவது வளர்க்கக் கொண்டுபோவார்கள், பழகாவிட்டால் மறுபடி கூண்டுதான் என்றார். "நம்ம வூட்ல வெச்சிக்கலாம்ப்பா" என்று அடம்பிடித்தது நிவேதா. காயப்போட்ட ராகி நிறம் என்று பேர் வைத்தது கவின்.

நடுக்கத்தை நான் ஜுரம் என்று நினைத்தேன். கால்நடை டாக்டரம்மாவும் உண்ணிக் காய்ச்சலாக (உண்ணி கடித்து ரத்தத்தில் வரும் நோய்) இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை. முதுகுமயிரை விலக்கிப் பழைய தழும்புகளைக் காட்டினார்.

"காய்ச்சல் இல்லைங்க. பயம்."

"பயத்துக்கு நாள் முழுக்க இப்படி நடுங்குமாங்க?"

"நடுங்கும். யாரோ குச்சியால அடிச்சே வெச்சிருந்திருக்காங்க. அடி நின்னுடுச்சின்னு அது உடம்புக்கு இன்னும் தெரியலை."

சீட்டில் பதற்றக் கோளாறு (ஆபத்து போன பிறகும் உடம்பு அந்த ஆபத்திலேயே இருப்பது) என்று எழுதினார். மாத்திரை கொஞ்சம்தான். மீதி மருந்து நான் சும்மா உட்காருவது. தினமும் அரை மணி நேரம், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது. அதுவாக வரட்டும் என்றார்.

பால் சொசைட்டியில் எனக்குக் காலையும் மாலையும்தான் வேலை. மதியம் நீங்கள் ஸ்கூலில், அம்மா தையல் கம்பெனியில். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் ராகி படுத்திருக்கும். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். லீவு நாளில் அதைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மா கேட்டாள்:

"கல்யாணம் ஆன புதுசுல எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படி அரை மணி நேரம் உக்காந்திருக்கீங்களா?"

"நீ என்ன, சந்துக்குள்ளயா போயி படுத்துக்கிட்ட?"

ஒரு மாதம் போனது. அப்போதும் நான் எழுந்து போன பிறகுதான் ராகி சோற்றில் வாய் வைத்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. இங்கேதான் தவறு செய்தேன்.

குழந்தை பயந்துபோனால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? உங்கள் இரண்டு பேருக்கும் செய்திருக்கிறோம். கீழ்த்தெரு மாரியப்பண்ணன் வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை அடித்து இறக்குவார். திருநீறு பூசி, முகத்தில் சுளீரென்று தண்ணீர் அடிப்பார். திடுக்கிட்டு அழுதுவிட்டுத் தூங்கிப்போவீர்கள். எழுந்தால் பயம் போயிருக்கும். இன்றும் அதை நம்புகிறவன்தான் நான். பிள்ளைக்குப் போகிற பயம் நாய்க்குப் போகாதா என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் ஒரு மதியம் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"நாயிக்கா? நட்சத்திரம் என்னப்பா சொல்றது?"

"வெளையாடாதீங்கண்ணா. புள்ளைங்களுக்குப் பண்ற மாதிரியே பண்ணி வுடுங்க."

"கடிச்சிதுன்னா மொதல்ல உனக்குத்தான் அடிப்பேன் வேப்பிலை."

கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி ராகியைச் சந்திலிருந்து இழுத்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வந்தது. அண்ணன் கொத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். நமக்கு அது வேப்பிலை. கீழே இருந்து பார்த்த ராகிக்கு ஓங்கிய ஒரு கை, அதில் குச்சி. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த நாயிடமும் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. பட்டையை உருவிக்கொண்டு கேட் வழியாக ஓடிவிட்டது. அண்ணன் உள்ளே வர நான் திறந்து, சாத்தாமல் விட்ட கேட்.

சாயங்காலம் நீங்கள் கேட்டபோது, "நான் சொசைட்டியிலருந்து வந்தப்பவே காணோம். கேட்டு தெறந்து கெடந்துச்சி" என்றேன். காலையில் கடைசியாகப் போனவன் கவின் என்பது எனக்குத் தெரியும்.

"நான் சாத்தினேன்ப்பா" என்றாய் கவின். கொஞ்ச நேரம் கழித்து, "சாத்தினேனான்னு தெரியலைப்பா" என்றாய்.

"சரி வுடு" என்றேன். உன்னை மன்னிப்பது போலச் சொன்னேன். போதாததற்குக் கேட்டில் ஒரு கம்பியையும் சுற்றி வைத்தேன், இனிமேல் யாரும் மறக்கக் கூடாது என்று.

மூன்றாம் நாள், பால் ஊற்ற வந்த ஒருவர் பென்னாகரம் ரோட்டில் சின்னப் பாலத்துக்கு அடியில் செவப்பு நாய் ஒன்று கிடக்கிறது என்றார். வேலை முடிந்ததும் போனேன். ராகிதான். உள்ளே தள்ளி, குப்பையோடு குப்பையாகக் கிடந்து நடுங்கியது. கயிறு கையில் இருந்தது. அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டாக்டரம்மா சொன்னதை அன்றைக்குத்தான் முழுதாகச் செய்தேன். மேலே பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது. சாயங்காலப் பாலுக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் திரும்பவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். வீடுவரை பத்தடி பின்னால் அதுவாகவே வந்தது.

அதற்குப் பிறகும் உடனே சரியாகவில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், ஒரு துடைப்பத்தைப் பார்த்ததும் மறுபடி சந்துக்குள் போய்விடும். இப்படி ஒரு நாயை நீங்கள் பின்னால் எடுத்து வளர்த்தால், நேற்றைவிட இன்று மோசமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஐந்தாம் மாதம் கையில் வைத்த சோற்றைத் தின்றது. சுகந்தி அக்கா மூன்று மாதக் கெடுவைப் பற்றிப் பேசவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து, ராகியை வளர்க்கச் சுகந்தி அக்காவிடம் கேட்டிருந்த டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்து கையை மடியிலேயே வைத்திருந்தார். ராகி போய் முகர்ந்து, அவர் பக்கத்தில் படுத்தது. நடுங்கவில்லை. காரில் ஏறும்போது ஒரு தடவை நம்மைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். குணமான நாய் அப்படித்தான் போக வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நீ கேட்டாய் கவின்: "நான் கேட்டைச் சாத்தாம வுட்டேன்னுதான் குடுத்துட்டீங்களாப்பா?"

இல்லை சாமி. கேட்டைத் திறந்தவன் நான். பொய் சொன்னவனும் நான். இத்தனை மாதமாக வெளியே போகும்போதெல்லாம் நீ இரண்டு தடவை திரும்பி வந்து கேட்டைத் தொட்டுப் பார்க்கிறாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாயின் பயத்தைப் போக்க உட்கார்ந்திருந்தவன், இன்னொரு பயத்தை உனக்குள் வைத்துவிட்டேன். நீ என்மேல் எவ்வளவு நாள் கோபமாக இருந்தாலும் சரி. அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போது தெரியும். காத்திருக்கிறேன்.

என் உடம்பும் மாறித்தான் போயிருக்கிறது. துண்டை உதறித் தோளில் போடுவது நின்றுவிட்டது. வியர்வை துடைக்கக்கூடக் கை மெதுவாகத்தான் மேலே போகிறது. சொசைட்டியில், "என்னண்ணா, கை வலியா?" என்று கேட்கிறார்கள்.

இன்று காலை நீங்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு கம்பி முறுக்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கம்பி துருப்பிடித்திருந்தது. ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். பிறகு கேட்டைச் சாத்திப் பார்த்தேன். கொக்கி மட்டுமே போதுமானதாக இருந்தது.