கிடர்பூரில் சுட்ட நீல நட்சத்திரங்கள்

பிஸ்கோத்து சுடுகிறவனுக்குப் பண்டிகை கிடையாது. பண்டிகைக்கு முந்தின வாரம் மட்டும்தான் உண்டு. டிசம்பர் மாதம் பலகாரக் கடையில் நின்று வெந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை தேடித்தான் போனேன். கிடைத்தது, கிடர்பூரில் ஒரு ஸ்காட்லாந்து மேம்சாகிப்பின் ரொட்டிக் கடை. அடுப்பு மிஸ்திரி ரஹ்மத்துக்கு இங்கிலீஷ் படிக்க வராது. சீமையிலிருந்து வந்த செய்முறைக் காகிதத்தை அவருக்குப் படித்துச் சொல்வதுதான் என் உத்தியோகம்.

குளிர்ந்த கை

கிறிஸ்துமஸை அங்கே பொடோதின் என்பார்கள். அதற்கென்று ஷார்ட்பிரெட் என்று ஒரு பிஸ்கோத்து. மைதா, வெண்ணெய், சர்க்கரை, அவ்வளவுதான். நட்சத்திரமாக வெட்டிச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு பூசி மினுக்க வேண்டும். ‘குளிர்ந்த கையால் பிசையவும்’ என்று காகிதத்தில் இருந்ததை நான் வாய்விட்டுப் படித்ததுதான் பிசகு.

மேம்சாகிப் எங்களை வரிசையாக நிறுத்தி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்தார். இருபது வருஷம் அடுப்பில் நின்ற ரஹ்மத்தின் கை தோசைக்கல்லாகக் கொதித்தது. பயத்தில் என் கை ஜில்லிட்டிருந்தது. அன்று முதல் மாவு பிசைவது குமாஸ்தா, வேடிக்கை பார்ப்பது மிஸ்திரி என்று ஆயிற்று. ரஹ்மத் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “பாபு, நீ பயந்துகிட்டே இருந்தாத்தான் இந்தக் கடை நல்லா நடக்கும் போல.”

உதிரும் பிஸ்கோத்து

பாலிகஞ்சிலிருந்து வைத்தியநாதய்யர் வந்தார். சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டு. அவரை ரங்கூனுக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அதைத் தடுக்க, பொடோதினுக்குத் துரைக்கு ஒரு டாலி கொடுப்பதாகத் திட்டம். டாலி என்றால் மேலதிகாரிக்குப் பழமும் பலகாரமும் நிரப்பித் தரும் கூடை. அந்த ஊர் வழக்கம்.

முட்டை இல்லை என்று என்னிடம் மூன்று தரம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஒன்றைக் கடித்தார். அது அவருடைய கறுப்புக் கோட்டு முழுக்க உதிர்ந்தது. உதிர்வதுதான் அதன் லட்சணம் என்றேன். கோட்டைத் தட்டிக்கொண்டே முகம் சுளித்தார். “என்ன ஓய் பலகாரம் இது? எங்காத்திலே மனோகரம் பண்ணினா உடைக்கச் சுத்தியல் வேணும், தெரியுமோ?”

சுவர்மேல் வாளி

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி வெளுக்கும் தோபி முன்னாலாலின் வீடு. காய்ச்சிய பாகை ஆறுவதற்காக வாளியோடு சுவர்மேல் வைப்பேன். அவனும் நீலம் கலந்த கஞ்சியை அங்கேதான் வைப்பான். பொடோதினுக்கு முதல் நாள் விடியற்காலை. எதிரே நிற்கும் ஆள் தெரியாத பனிமூட்டம். நான் அவன் வாளியை எடுத்தேன். அவன் என் வாளியை எடுத்தான்.

மற்ற தட்டுகளுக்கு முந்தின இரவே பூசியாயிற்று; மிச்சமிருந்த கடைசித் தட்டுக்குப் பூசி முடித்தபோதுதான் வெளிச்சம் வந்தது. அந்தத் தட்டு நட்சத்திரங்கள் எல்லாம் வெளிர் நீலம்! கண்ணாடிபோல் வேறு மின்னின. ரஹ்மத் தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேம்சாகிப் பாரக்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்; புதிதாகச் சுட வெண்ணெயும் இல்லை. மத்தியானம் முன்னாலால் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். கையில் ஒரு பாதிரியாரின் சட்டை. “பாபு, உன் கஞ்சியிலே காலர் நல்லா நிக்குது. எறும்பும் நிக்குது.”

யார் சாப்பிடப் போகிறார்கள்

தட்டைக் குப்பையில் கொட்டப் போகும்போது அய்யர் கூடையோடு வந்து நின்றார். மற்ற தட்டுகள் எல்லாம் விற்றுப் போயிருந்தன. வெறுங்கூடையோடு துரை முன்னால் போய் நின்றால் ரங்கூன்தான் என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டார். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. தோபியின் கஞ்சி என்று முழுவதையும் சொன்னேன்.

அவர் அசையவில்லை. ஒன்றை நானே தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவரையும் காக்க வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அய்யர் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் கூடையில் அடுக்கினார். “எதுக்கு ஓய் பதறறீர்? சாப்பிடப் போறது நானா? துரைதானே!”

துரையின் தீர்ப்பு

பொடோதின் கழிந்து நாலாம் நாள் அய்யர் மறுபடியும் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. துரை படுத்துவிட்டாரோ என்று பயந்தேன்.

துரைக்கு ஒன்றும் இல்லை. இத்தனை அழகான பிஸ்கோத்தைச் சீமையிலும் கண்டதில்லை என்று துரைசானி பூரித்துப் போனாளாம். எங்கே வாங்கியது என்று கேட்டபோது அய்யர் பெருமைக்காக, “என் ஆத்துக்காரி கையால் பண்ணினது” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் துரை விஷயத்தைச் சொன்னார். ரங்கூனுக்கு மாற்றலாகிப் போவது துரையேதானாம். இந்தப் பிஸ்கோத்துக்காகவே அய்யரையும் குடும்பத்தோடு கையோடு அழைத்துப் போகிறாராம்.

அய்யர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து என் முன்னால் வைத்தார். “ஓய் பிள்ளைவாள், ஒரு வாளிக் கஞ்சிக்கு எத்தனை நீலம்னு அந்தத் தோபியைக் கேட்டு எழுதிக் கொடும்.”

பத்து டிசம்பர் அந்த அடுப்படியில் நின்று ஆயிரக்கணக்கில் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். துரைசானி வாயால் பாராட்டு வாங்கியது நான் தப்பாகச் செய்த ஒரே ஒரு தட்டுதான்.